ரிப்ஸுக்குப் புளிப்பு: வினிகர் சாஸோடு பல வருடப் பழக்கம்

தடித்த, இனிப்பான பார்பிக்யூ சாஸ் பூசிய பன்றி ரிப்ஸ், அதாவது விலா எலும்புக் கறி, முதல் இரண்டு துண்டு வரை பிரமாதமாக இருக்கும். மூன்றாவதில் திகட்ட ஆரம்பிக்கும். கொழுப்பு, சர்க்கரை, புகை மூன்றும் சேர்ந்து நாக்கின் மேல் அப்படியே படிந்துவிடும். அந்தத் திகட்டலை எடுப்பது புளிப்புதான். கறிச்சோறு முடிந்ததும் ரசம் கேட்கிறோமே, அதே காரணம்.

நான் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலே பக்கம். பார்பிக்யூவுக்கு வினிகர் ஊற்றுவதில் இந்த மாநிலத்தை மிஞ்ச ஆளில்லை. இங்கே கிழக்கு, மேற்கு என்று இரண்டு கட்சி உண்டு. கடற்கரைப் பக்கமான கிழக்கில் முழுப் பன்றியை விறகுக் கனலில் வேகவைத்து, பொடியாகக் கொத்தி, வினிகரும் மிளகாயும் உப்பும் மட்டும் சேர்த்த தண்ணீரான சாஸை விடுவார்கள். தக்காளி வாசனையே கூடாது. அய்டன் என்ற சின்ன ஊரில் 1947இல் தொடங்கிய ஸ்கைலைட் இன் அந்த வழியின் பெயர்பெற்ற இடம். மேற்கே லெக்சிங்டன் ஊர்ப்பக்கம் போனால் பன்றித் தோள்கறிதான் பிரதானம். வினிகரில் கொஞ்சம் கெட்சப் சேரும், அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'டிப்'. கோஸ் சாலட்டில்கூட மயோனைஸுக்குப் பதிலாக அதே சிவப்பு டிப்பைப் போட்டுப் பிசைவார்கள்.

ஆனால் ரிப்ஸ் இந்த மாநிலத்தின் முதல் பெருமை இல்லை. அதற்கு மெம்ஃபிஸ், செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி என்று வேறு ஊர்கள் இருக்கின்றன. நான் செய்துவருவது, கரோலினாவின் சாஸை எடுத்து அந்த ஊர்களின் ரிப்ஸுக்குப் பொருத்துவது. இது ஒன்றும் விபரீதமான சேர்க்கை இல்லை. மெம்ஃபிஸ் நகர மையத்தில் நிலத்தடியில் இருக்கும் ரெண்டெவூ கடையில், 1948இல் தொடங்கியது, கரியில் வாட்டிய ரிப்ஸுக்கு வினிகர்த் தண்ணீர் தடவி அதன் மேல் மசாலாப் பொடி தூவித் தருகிறார்கள். இனிப்புக்குப் பேர்போன கான்சஸ் சிட்டியிலேயே ஆர்தர் பிரையன்ட் கடையின் சாஸ் புளிப்பும் மிளகாய்ப் பொடி நெறுநெறுப்புமாகத்தான் இருக்கும்.

இத்தனை வருடத்தில் என் சமையலறையில் நிலைத்துப்போன அளவு இது. ஆப்பிள் சைடர் வினிகர் 2 கப், பழுப்புச் சர்க்கரை 1 மேசைக்கரண்டி, கொரகொரப்பான மிளகாய்த் தூள் 1 மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, அப்போதே பொடித்த மிளகு 1 தேக்கரண்டி. இதோடு டெக்சஸ் பீட் மிளகாய் சாஸ் ஒரு மேசைக்கரண்டி. பெயரில் டெக்சஸ் இருந்தாலும் அது தயாராவது வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் ஊரில். அடுப்பில் வைக்கத் தேவையே இல்லை, உப்பும் சர்க்கரையும் கரையும் வரை கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் போதும். ரிப்ஸுக்கு மட்டும் நான் இதில் கால் கப் கெட்சப் சேர்ப்பேன். கொத்திய கறி சாஸை உறிஞ்சிக்கொள்ளும். ரிப்ஸின் மேல்தோல், அதாவது புகையிலும் சூட்டிலும் மசாலாவோடு இறுகிய மேல்பரப்பு, உறிஞ்சாது, தண்ணீர் மாதிரி இருந்தால் வழிந்து தட்டுக்குப் போய்விடும். கொஞ்சம் பிடிமானம் வேண்டும், அவ்வளவுதான்.

செய்த அன்றே இந்த சாஸை நம்பாதீர்கள். முதல் நாள் வினிகர் தனியாக, மிளகாய் தனியாகத் தெரியும். மூன்று நாள் போனால் நிறம் இறங்கி, காரம் வினிகருக்குள் ஏறிவிடும். ஒரு வாரம் கழித்துத்தான் அது ஒரே சுவையாக நிற்கும். நான் எப்போதும் அடுத்த பாட்டிலை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுவேன். கெட்சப் சேர்க்காத பாட்டில் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மாதம் தாராளமாக இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். எதை ஊற்றுகிறோம் என்பதைவிட எப்போது ஊற்றுகிறோம் என்பதுதான் ரிப்ஸின் புளிப்பைத் தீர்மானிக்கிறது. கடையில் கிடைக்கும் வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். அது ஆவியாகிப் போகக்கூடியது, பாட்டிலைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுவது அதனால்தான். ரிப்ஸ் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஐந்து மணி நேரம் வேகும் பண்டம். ஆரம்பத்தில் ஊற்றிய வினிகரின் பெரும்பகுதி, சாப்பிட உட்காரும் நேரத்தில் காற்றோடு போயிருக்கும். மிச்சம் இருப்பது லேசான பழ வாசனைதான்.

அதனால் முந்தின இரவே வினிகரில் ஊறப்போடும் வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. புளிப்பு உள்ளே இறங்குவதில்லை. அமிலம் மேல்பக்கத்து இறைச்சியை மட்டும் கெடுத்து மாவு மாதிரி ஆக்கிவிடுகிறது. அமிலம் மிகுந்த பரப்பு பழுப்பேறவும் நேரம் எடுக்கும். நல்ல ரிப்ஸுக்கு அந்தக் கருஞ்சிவப்பு மேல்தோல்தான் உயிர். முந்தின இரவு உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டுத்தூள் மட்டும் தடவி, எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்துவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் போதும்.

வேகும்போது தெளிப்பது வேறு கணக்கு. பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொண்டு, முதல் ஒன்றரை மணி நேரம் அடுப்பு மூடியைத் தொடாமல், தடவிய மசாலா இறைச்சியோடு ஒட்டிய பிறகு முக்கால் மணிக்கு ஒரு தரம் தெளிப்பேன். இது புளிப்புக்காக இல்லை. ஈரமான பரப்பில் புகை நன்றாகப் பிடிக்கும், ஓரங்கள் காயாது. ஆனால் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் சூடு இறங்கும், தெளித்த ஈரமும் இறைச்சியைக் குளிர்விக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தெளித்துக்கொண்டிருந்தால் மதியச் சாப்பாடு ராத்திரிக்குத்தான் ஆகும்.

புளிப்பு நாக்கில் தெரிய வேண்டுமென்றால் கடைசி இரண்டு கட்டங்கள். ரிப்ஸின் உள்சூடு 90 டிகிரியைத் தாண்டி, இடுக்கியால் தூக்கும்போது நடுவில் வளைந்து மேல்தோல் விரிசல் விடும் சமயம், கெட்சப் சேர்த்த சாஸை மெல்லிசாக ஒரு பூச்சு. பதினைந்து நிமிடத்தில் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடுப்பிலிருந்து இறக்கி, கால் மணி நேரம் ஆறவிட்டு, துண்டு போட்ட பிறகு, கெட்சப் இல்லாத சாஸை வெட்டுப்பக்கத்தின் மேல் கரண்டியால் விடுவது. இதுதான் எல்லாவற்றையும் மாற்றும். வெட்டுப்பக்கத்தில் தோல் இல்லை, கறியின் இழைகள் திறந்து கிடக்கும், அங்கே சாஸ் உடனே இறங்கும். சூடு குறைந்திருப்பதால் வினிகர் பறந்துபோகாது. ஒரு துண்டுக்கு அரைத் தேக்கரண்டி போதும். இந்த ஒரு வேலையை மட்டும் செய்து, மற்ற எல்லாவற்றையும் உங்கள் வழக்கப்படி செய்தால்கூட வித்தியாசம் தெரியும்.

நடுவில் அலுமினியம் ஃபாயிலில் சுற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வினிகரையோ தக்காளி சாஸையோ உள்ளே ஊற்றி மணிக்கணக்கில் சுற்றி வைத்தால் அமிலம் ஃபாயிலை அரிக்கும், இறைச்சியில் உலோகச் சுவை ஏறும். கறிக்கடைக்காரர்கள் சுற்றித் தரும் பழுப்புக் காகிதம் அதற்கு எவ்வளவோ மேல். ஃபாயில்தான் வேண்டுமென்றால் உள்ளே கொஞ்சம் ஆப்பிள் ஜூஸோ வெண்ணெயோ போதும், வினிகரைக் கடைசிக்கு வையுங்கள்.

மற்றப் புளிப்புகளையும் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். வெள்ளை வினிகர் கூர்மையாக, நேராக இறங்கும். முழுப் பன்றிக்குச் சரி, ரிப்ஸுக்குக் கொஞ்சம் முரடு. அரிசி வினிகர் மிருதுவானது, புகைக்கு முன்னால் நிற்பதில்லை. எலுமிச்சையைச் சாப்பிடும் நேரத்தில் பிழிந்தால் நன்றாக இருக்கிறது, அதன் மணம் சூட்டில் நிற்காது. தென் கரோலினாவின் கடுகு சாஸ் தனி வர்க்கம். கொலம்பியா நகரைச் சுற்றிய பகுதியில், 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த மஞ்சள் சாஸில் கடுகின் காட்டமும் வினிகரும் ஒன்றாக வரும். பன்றிக்கு அருமையான ஜோடி. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்காது, குழந்தைகள் தொடமாட்டார்கள்.

புளியை மட்டும் தனியாகப் பேச வேண்டும். அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம் வினிகர் மாதிரி ஆவியாகாது. சூட்டில் போட்டாலும் புளிப்பு அப்படியே நிற்கும். அதனால் கடைசி இருபது நிமிடப் பூச்சுக்கு வினிகரைவிடப் புளி நம்பகமானது. எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாக ஒரு கப் கரைத்து, தட்டிய பூண்டு, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்த்துக் கரண்டியில் ஒட்டும் பதம் வரை சுண்டவைப்பேன். வெல்லத்தைக் கூட்டினால் கரியின் மேல் கருகும், அதைவிட முக்கியம், நாம் எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தோமோ அந்த இனிப்புக்கே திரும்பிவிடுவோம்.

புளி அமெரிக்கப் பார்பிக்யூவுக்குப் புதிது என்றும் நினைக்க வேண்டாம். லீ அண்ட் பெரின்ஸ் வூஸ்டர்ஷயர் சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானங்களில் புளி இருக்கும். கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோ நகரம் செம்மறி ஆட்டுக்கறி பார்பிக்யூவுக்குப் பேர்போனது. அங்கே கறியோடு தரும் கருப்பு டிப், வூஸ்டர்ஷயரையும் வினிகரையும் அடிப்படையாகக் கொண்டது. பன்றி சாப்பிடாத நம்மவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கும்போது நான் காட்டுவது இந்த வழியைத்தான். ஆட்டு விலாவின் கொழுப்புக்குக் கனம் அதிகம், வாடையும் உண்டு, சைடர் வினிகர் மட்டும் அதற்குப் போதாது. புளிப் பூச்சும் மேலே கொஞ்சம் வினிகருமாக வைத்தால் சரியாக நிற்கிறது. ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, பன்றியைத் திரும்பியும் பார்க்காதவர், இந்த ஆட்டு ரிப்ஸைச் சாப்பிட்டுவிட்டு, "ஏம்ப்பா, இந்தக் குழம்பு இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார். இருந்ததைக் கிண்ணத்தோடு அவர் பக்கம் நகர்த்தினேன்.

நாள்பட்ட உபயோகத்தில் தெரிந்த சில விஷயங்கள். வினிகர் ஆவியில் ஜாடிகளின் தகர மூடி துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடி பாட்டில்தான் நிலைக்கிறது. ஸ்ப்ரே பாட்டிலில் மிளகாயோ மிளகோ போகவே கூடாது, பாட்டிலின் தெளிப்பு மூக்கு அடைத்துக்கொள்ளும். தெளிக்கும் கலவையில் வினிகரும் தண்ணீரும் மட்டும். வார்ப்பிரும்புக் கம்பிகளின் மேல் புளிப்பு சாஸ் வழிந்தால் எண்ணெய்ப் பதம் கழன்றுவிடும், அன்றே தேய்த்து எண்ணெய் பூசி வைக்க வேண்டும். வேகாத இறைச்சியில் தடவிய தூரிகையை மேசைக்குப் போகும் சாஸில் விடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரி சமையலில் உப்பு குறைத்தவர்களுக்கு இந்த சாஸ் ரொம்ப உதவுகிறது. கடைசியில் விடும் புளிப்பு உப்பின் இடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் மசாலாவில் போடும் உப்பை மெல்ல மெல்லப் பாதியாக்கிவிட்டோம், யாரும் கேட்கவில்லை.

மிஞ்சிய ரிப்ஸை மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு மூடி, 120 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் சூடாக்கினால் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரும். அதைக் கொத்தி, அப்போது மேலே வினிகர் சாஸை விட்டு, பன்னுக்குள் வைத்து, அந்த லெக்சிங்டன் சிவப்புக் கோஸ் சாலட்டை மேலே வைத்துச் சாப்பிடுங்கள். சில வாரங்களில் இதற்காகவே ஒரு அடுக்கு கூடுதலாக அடுப்பில் ஏற்றுகிறேன்.