ஒரு பந்துகூட வீசாத பிட்சரை வைத்துப் பார்த்தால்: பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளம் எப்படி?

புள்ளிவிவரத் தளம் தேறுமா என்று பார்க்க நட்சத்திர வீரர்களின் பக்கம் உதவாது. அதை எவரும் சரியாகத்தான் வைத்திருப்பார்கள். ஒரே ஆட்டத்தோடு போனவரைத் தேட வேண்டும். பேஸ்பால்-ரெஃபரன்ஸில் லேரி யவுன்ட் என்று தட்டிப் பாருங்கள்.

1971 செப்டம்பர் 15. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், அட்லாண்டா பிரேவ்ஸுடன் மோதிய ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் வீச யவுன்ட்டின் பெயரை அறிவித்தாயிற்று. பேட்டர் வருவதற்கு முன் கையைப் பழக்க வீசும்போதே முழங்கை வலி. வேறொருவர் வந்தார். யவுன்ட் அப்புறம் எந்த மேஜர் லீக் ஆட்டத்திலும் வீசவில்லை. ஆனால் விதிப்படி, பெயர் அறிவித்துவிட்டால் ஆட்டத்துக்குள் வந்தது கணக்கு. அதனால் அவர் பக்கத்தில் ஆட்டம் 1, இன்னிங்ஸ் 0. (தம்பி ராபின் யவுன்ட்டுக்கு 3142 ஹிட், ஒரே வீட்டில் இப்படியும்!)

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் யவுன்ட்டுக்கு ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன்) கிடையாது. ஒருவரையும் அவுட் ஆக்காமல் ரன் மட்டும் விட்டுப் போனவர்களுக்கு 'இன்ஃப்', அதாவது முடிவிலி, என்று போடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதது இந்தத் தளத்தின் நேர்த்தி.

அட்டவணையை 'ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியாக எக்செலில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக எடுக்கலாம். சிக்கல் அங்கேதான். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், அதனால் 5.2 இன்னிங்ஸ் என்றால் ஐந்தும் மூன்றில் இரண்டும். நம் கிரிக்கெட்டின் 5.2 ஓவர் மாதிரிதான். எக்செலுக்கு அது தெரியாது, தசமமாக எடுத்துக்கொள்ளும். 4 ரன் விட்டவரின் ஈ.ஆர்.ஏ. 6.35-க்குப் பதில் 6.92 என்று வரும். புள்ளிக்கு முன் உள்ளதை 3-ஆல் பெருக்கி, பின் உள்ளதைக் கூட்டுங்கள்: 17 அவுட். ரன்னை 27-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்தால் சரியான விடை. மூன்று நான்கு ஆட்டமே ஆடியவருக்கு இந்தப் பிழை பெரிதாகத் தெரியும். பல ஆண்டு ஆடியவர் கணக்கில் கரைந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. குறுகிய வாழ்க்கை கொண்ட பிட்சரின் உழைப்பெல்லாம் மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில்தான் இருக்கும். அதைத் தனிப் பக்கத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். போனில் அட்டவணையைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும், நடுவே விளம்பரம் வேறு. 'ஒரே ஆட்டம் ஆடிய பிட்சர்கள் யார் யார்' என்று சல்லடை போட்டுத் தேட ஸ்டாட்ஹெட் என்ற கட்டணத் தேடல் சேவைக்குச் சந்தா கட்ட வேண்டும். பெயர் தெரிந்தவரைப் பார்க்க இலவசப் பக்கமே தாராளம்.