ரெட்ரோஷீட்: 1956 ஆட்டத்தைக் குளச்சலில் உட்கார்ந்து வாசித்தேன்

குளச்சல் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடந்தால் பத்து வருடமாக ஸ்கோர் புக் என் கையில்தான் இருக்கும். ஆனி, ஆடி மழையில் கிரவுண்டில் தண்ணீர் நிற்கும், மேட்ச் இருக்காது, அப்படி ஒரு வாரத்தில்தான் ரெட்ரோஷீட் என்ற இணையதளத்துக்குள் போனேன். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் பழைய ஆட்டங்களை, யார் அடித்தார், யார் பிடித்தார், எப்படி அவுட் என்று திரட்டி வைத்திருக்கிறார்கள். டேவிட் ஸ்மித் என்ற உயிரியல் பேராசிரியர் 1989-இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் உழைப்பில் நடக்கிறது. பார்க்கக் காசு கிடையாது. இதற்கு முன் ஒரு ஸ்கோர் ஆப்புக்குப் பணம் கட்டி, இரண்டாம் மாதமே நான் ஏற்றிய மேட்ச் எல்லாம் அழிந்துபோய் நொந்திருந்த எனக்கு இது பெரிய விஷயம்.

நான் முதலில் திறந்தது 1956 அக்டோபர் 8, மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம். யாங்கி ஸ்டேடியம், 64,519 பேர் கூட்டம், நியூயார்க் யாங்கீஸ் 2, புரூக்ளின் டாட்ஜர்ஸ் 0. யாங்கீஸுக்காக டான் லார்சன் வீசிய ஒன்பது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் ஆள் ஒருவர்கூட, பேட்டர் அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் முனையான முதல் பேஸை எட்டவில்லை. 27 முறை பேட் பிடிக்க வந்தார்கள், 27 முறையும் அவுட். பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள், வேர்ல்ட் சீரிஸில் இன்றுவரை அது ஒன்றுதான்.

பாக்ஸ் ஸ்கோரில், அதாவது ஆட்டத்தின் சுருக்க அட்டவணையில், லார்சனுக்கு ஒரே ஒரு வரி: இன்னிங்ஸ் 9, ஹிட் (அடித்து பேஸை எட்டுவது) 0, ரன் 0, வாக் (நான்கு தவறான பந்துக்குச் சும்மா முதல் பேஸ் கொடுப்பது) 0, ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்) 7. இவ்வளவுதானா என்று நினைத்தேன். கீழே ஒவ்வொரு பேட்டராக எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் அவுட்டான விதம், மூன்றாம் பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்), அங்கிருந்து முதல் பேஸ். மூன்றாம் பேஸில் நின்ற ஆண்டி கேரி மேல் பட்டுத் தெறித்த பந்தை கில் மெக்டூகல்ட் எடுத்து எறிந்திருக்கிறார், அது ஒரு சாண் தள்ளித் தெறித்திருந்தால் இந்த ஆட்டத்தை இன்று யார் பேசுவார்? ஐந்தாவதில் டாட்ஜர்ஸின் கில் ஹாட்ஜஸ் தூக்கி அடித்ததை யாங்கீஸின் மிக்கி மேண்டில் ஓடிப் பிடித்தது இன்னொன்று.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது எதிரணிப் பந்துவீச்சாளரின் வரியில். டாட்ஜர்ஸின் சால் மேக்லி முதல் 11 பேரை வரிசையாக வெளியேற்றியிருக்கிறார். நான்காவது இன்னிங்ஸில் பன்னிரண்டாவது ஆளாக வந்த மேண்டில் ஹோம் ரன் அடித்தார், ஆறாவதில் ஹாங்க் பாவர் இன்னொரு ரன் கொண்டுவந்தார். 8 இன்னிங்ஸ், 5 ஹிட், 2 ரன். எந்த நாளிலும் ஜெயிக்க வேண்டிய பந்துவீச்சு அது. கடைசியில் பேட் பிடிக்கும் முறை மேக்லிக்கே வந்தது, அவருக்குப் பதில் டேல் மிட்செல் இறங்கி 27-வது அவுட் ஆனார். தோற்றவன் பெயரையும் அதே கட்டத்தில், அதே கவனத்தோடு எழுதி வைத்திருப்பது ஸ்கோரரான எனக்கு ரொம்பப் பிடித்தது.

பக்கத்தில் அலங்காரம் எதுவும் இல்லை, எழுத்தும் எண்ணும்தான். போனைவிடக் கம்ப்யூட்டரில் பார்ப்பது நல்லது. நான் நாகர்கோவில் வடசேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்கோர் புக்குக்குள் வைத்திருக்கிறேன். பேஸ்பால் தெரியாதவர்கள் ஃபீல்டர்களின் இட எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பந்து வீசும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் வெளிவட்டத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ராபின்சன் அவுட்டை 5-6-3 என்று எழுதினால் உடனே புரியும்.

நேரே அக்டோபர் 8-க்குப் போகாதீர்கள். முதலில் அக்டோபர் 5, இரண்டாவது ஆட்டத்தைத் திறங்கள். அதே லார்சன், இரண்டு இன்னிங்ஸ்கூட முடிக்காமல் நான்கு வாக் கொடுத்து வெளியே போயிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் தள்ளி வாருங்கள்.