பானையடிக் கரி: மண்ணெண்ணெய்க் குக்கரும் காஸ் அடுப்பும்

வன்னியில் ஒரே குசினியில் மண்ணெண்ணெய்க் குக்கரும் காஸ் அடுப்பும் அருகருகே இருப்பதைக் காணலாம். முன்னதில் ஏற்றிய பானையின் அடி கறுக்கிறது, பின்னதில் ஏற்றியது கறுப்பதில்லை. சாதாரண தர மாணவரிடம் காரணம் கேட்டால், "மண்ணெண்ணெயில் காபன் கூட" என்ற விடை உடனே வரும். அது பாதி உண்மையே.

சிலிண்டரில் இருப்பவை பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் ஆகும். பியூட்டேன் மூலக்கூறில் 4 காபன் அணுக்களும் 10 ஐதரசன் அணுக்களும் உள்ளன. மண்ணெண்ணெய் ஒரு கலவையாயினும், 12 காபனும் 26 ஐதரசனும் கொண்ட டோடெக்கேனை அதற்குப் பதிலாள் எனக் கொள்ளலாம். சமன்பாட்டைச் சமப்படுத்தினால், ஒரு மூல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) பியூட்டேன் முற்றாக எரிய 6½ மூல் ஒட்சிசனும், ஒரு மூல் டோடெக்கேனுக்கு 18½ மூலும் வேண்டும். பலர் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். கிராமில் கணக்கிட்டால் கதை வேறு: 58 கிராம் பியூட்டேனுக்கு 208 கிராம் ஒட்சிசன், 170 கிராம் டோடெக்கேனுக்கு 592 கிராம், அதாவது கிராமுக்கு முறையே 3.59, 3.48. காஸுக்குத்தான் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கிறது. காபனின் திணிவுப் பங்கும் 83, 85 சதவீதம் என்ற அளவிலேயே வேறுபடுகிறது.

ஆகவே தேவையைவிட, அத்தேவை நிறைவேறும் விதத்தையே பார்க்க வேண்டும். பியூட்டேன் 0 பாகை செல்சியஸை ஒட்டியே கொதிப்பதால், கிளிநொச்சி வெயிலில் வால்வைத் திறந்தவுடன் வாயுவாகப் பாய்ந்து, பர்னரின் துவாரத்தினூடே காற்றை இழுத்துக் கலந்துகொண்டே நெருப்பை அடைகிறது. மண்ணெண்ணெயோ 150 பாகையளவில்தான் கொதிக்கத் தொடங்கும். திரி நுனியில் ஆவியாகி வெளிக்காற்றுக்குக் காத்திருக்கையில், சுவாலையின் நடுவே ஒட்சிசன் போதாமல் காபன் துணிக்கைகள் பிரிகின்றன. மஞ்சள் ஒளியும் அத்துணிக்கைகளே, பானைக் கரியும் அவையே. கலவையிலுள்ள அரோமற்றிக் சேர்வைகள் (பென்சீன் போன்ற காபன் வளையமுள்ளவை) கரியைக் கூட்டுகின்றன என்பதையும் மறுக்க முடியாது.

கோயில் திருவிழாக்களில் எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கு இதற்குச் சாட்சி. அதே மண்ணெண்ணெய், பம்ப் அடித்துச் சூடான குழாயில் ஆவியாக்கிக் காற்றுடன் கலந்ததும் கரியின்றி எரிந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் இயக்கி, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இந்தப் பாடத்தைப் புத்தகமின்றியே கற்றிருந்தார்கள்.

மாட்டுப்பட்டி வைத்திருப்போருக்குச் சாண எரிவாயுவும் உண்டு. அதிலுள்ள மெதேன் மிகத் தூய்மையாக எரிந்தாலும், கூடவே வரும் காபனீரொட்சைட்டு எரியாததால் சூடு குறைவு.

என் தெரிவு காஸ் அடுப்புத்தான், ஓர் எச்சரிக்கையுடன்: பியூட்டேன் காற்றைவிட இருமடங்கு கனமானது, கசிந்தால் தரையிலேயே தேங்கும். போத்தலில் வாங்கிவரும் மண்ணெண்ணெய்க்கு இந்த ஆபத்து இல்லை. காஸ் அடுப்பிலும் சுவாலை மஞ்சளாகிப் பானை கறுக்கத் தொடங்கினால், சிலிண்டரைக் குறைசொல்லுமுன் பர்னரின் காற்றுத் துவாரத்தைப் பார்க்க வேண்டும். தூசியோ சிலந்திக் கூடோ அடைத்திருக்கக்கூடும்.