அனலாக் லேஅவுட்டில் டிஜிட்டல் இன்ஜின்: சிப்போடு ஓட்டலாமா, கழற்றிவிடலாமா, கன்ட்ரோலரை மாற்றலாமா?

இப்போது வரும் மாதிரி ரயில் இன்ஜின்களில் பல, டிஜிட்டல் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் டிகோடர் சிப்பை உள்ளே வைத்துக்கொண்டேதான் வருகின்றன. ஓட்டப்போகும் லேஅவுட்டோ, அதாவது தண்டவாள அமைப்போ, பழைய அனலாக். 'அனலாக், டிஜிட்டல் இரண்டிலும் ஓடும்' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஓடும், சரி. எப்படி ஓடும் என்பதைப் பெட்டி சொல்லாது.

அனலாக்கில் தண்டவாளத்துக்குப் போவது 0 முதல் 12 வோல்ட் வரையிலான டிசி (நேர் மின்னோட்டம்). வோல்ட் ஏறினால் வேகம், துருவம் மாறினால் திசை. டிசிசி எனப்படும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் நிற்கும். எச்ஓ எனப்படும் 1:87 மாதிரி அளவில் சுமார் 14 முதல் 16 வோல்ட். கட்டளைகள் அந்த மின்சாரத்திலேயே கலந்து போகும். தன் முகவரிக்கு வருவதை மட்டும் டிகோடர் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். கட்டளை எதுவும் வராமல் வெறும் டிசி வந்தால், அதை அப்படியே மோட்டாருக்கு விடலாமா என்பதை டிகோடரில் சேமித்திருக்கும் சிவி29 என்ற அமைப்பு எண்ணில் உள்ள ஒரு பிட் முடிவு செய்கிறது.

முதல் வழி, சிப்போடு அப்படியே ஓட்டுவது. எல்லோரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், ஏமாற்றமும் இங்கேதான். டிகோடருக்குள் இருக்கும் குட்டி கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளவே 5, 6 வோல்ட் வேண்டும். ஒலி டிகோடர் என்றால் இன்னும் கூட. குமிழைத் திருப்புகிறீர்கள், விளக்கு எரிகிறது, டீசல் இன்ஜின் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்கிறது, வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் திடீரென்று கிளம்புகிறது. நடைமேடையை ஒட்டி மெல்ல ஊர்ந்து வந்து நிற்கும் அழகெல்லாம் இதில் கஷ்டம்தான். குமிழின் பாதி வீணாகப் போகிறது. டிகோடரில் உள்ள ரெக்டிஃபயரும் மோட்டாரை இயக்கும் சர்க்யூட்டும் ஒன்றிரண்டு வோல்ட்டைச் சாப்பிடுவதால் உச்ச வேகமும் குறையும். சிப் இல்லாத பழைய இன்ஜினோடு ஜோடி சேர்த்தால், பழையது முதலில் கிளம்பி, நகராத புதியதை இழுக்கப் பார்க்கும், சக்கரம் வழுக்கும். ஹாரன், மணி போன்றவற்றுக்குச் சாதாரண கன்ட்ரோலரில் பொத்தானே கிடையாது. எம்ஆர்சி நிறுவனத்தின் டெக் 6 மாதிரி, டிசி, டிசிசி இரண்டையும் தரும் பெட்டிகள் இருக்கின்றன. ஒலிக்காகவே ஆசைப்படுபவர்கள் அதைப் பார்க்கலாம்.

ஆனால் இன்ஜினைவிட கன்ட்ரோலரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வழவழப்பான சுத்த டிசி தருவது என்றால் பிரச்சினை இல்லை. பிடபிள்யூஎம் முறையில் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் விடுவதும், மோட்டாரின் எதிர்வினையைப் பார்த்து வோல்ட்டைத் தானே திருத்தும் ஃபீட்பேக் வகையும் டிகோடரைக் குழப்பும். சில நேரம் ஒரேயடியாகக் காலி செய்துவிடும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் துடிப்பு அதில் தெரியாது, கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் இல்லாத நேரத்தில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பழங்காலப் பெட்டிகளை, சிப் உள்ள எதற்கும் இணைக்காதீர்கள்.

இரண்டாவது வழி, சிப்பைக் கழற்றி அந்த இடத்தில் டம்மி பிளக் (தண்டவாள மின்சாரத்தை நேராக மோட்டாருக்கு விடும் வெற்றுச் செருகி) போடுவது. கேட்க அநியாயமாக இருந்தாலும், அனலாக்கிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு இதுதான் நேர்மையான வழி. இன்ஜின் பழையபடி 2, 3 வோல்ட்டிலேயே மெல்ல நகரும். கன்ட்ரோலர் டிகோடரைக் கெடுத்துவிடுமோ என்ற கவலையும் போய்விடும். 8 பின் சாக்கெட் என்றால் ஐந்து நிமிட வேலை. பின்னால் சிப்பைத் திரும்பப் போடும்போது, ஆரஞ்சு வயர் உள்ள முனை 1 என்ற குறிக்கு நேராக வர வேண்டும். தலைகீழாகப் போனால் வண்டி ஓடும், விளக்கு எரியாது. அந்த அறிகுறி தெரிந்தால் திருப்பிப் போடுங்கள். 21 பின், நெக்ஸ்ட்18 என்ற சாக்கெட் வகைகளுக்கு அதற்கேற்ற பிளக். ஒலி இன்ஜினில் சத்தம் மொத்தமும் டிகோடரோடு போய்விடும். டிகோடர் நேரடியாகச் சால்டர் செய்யப்பட்ட இன்ஜினில் இந்த வழியே இல்லை.

மூன்றாவது, லேஅவுட்டுக்கே டிசிசி கன்ட்ரோலர். வயரிங் முழுவதையும் பிரிக்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள், வேண்டாம். தண்டவாளத்தைப் பகுதி பகுதியாக ஆன், ஆஃப் செய்யும் பிளாக் சுவிட்சுகள் எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு, பழைய கன்ட்ரோலர் வயரை எடுத்துவிட்டு புதியதைச் செருகினால் பெரும்பாலான வேலை முடிந்தது. மீதி இருப்பது களையெடுப்பு. மின்சாரம் நுழையும் இடத்தில் ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த கெப்பாசிட்டரை எடுத்துவிடுங்கள், அது சிக்னலைச் சிதைக்கும். முட்டுத் தடங்களின் முனையில் இன்ஜினை நிறுத்த வைத்த டயோடுகளும் போக வேண்டும். ரிவர்ஸ் லூப் (வண்டி சுற்றிவந்து அதே தடத்தில் எதிர்த்திசையில் சேரும் வளையம்) இருந்தால் அதன் இரு முனைகளையும் மின்சாரத்தில் பிரித்து, துருவத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்ஸர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட். அப்புறம் நாணயச் சோதனை: லேஅவுட்டின் எல்லா மூலைகளிலும் இரண்டு தண்டவாளத்தையும் தொடும்படி ஒரு காசை வையுங்கள், கன்ட்ரோலர் உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் வயர் மெல்லியது என்று அர்த்தம். டிசிசி பெட்டிகளில் பல 3 முதல் 5 ஆம்பியர் வரை கொடுக்கும். ஷார்ட்டை உடனே உணராவிட்டால் அந்த வயரோ சக்கரமோ உருகும்.

சிப் இல்லாத பழைய இன்ஜினையும் முகவரி 0 கொடுத்துச் சில டிசிசி பெட்டிகளில் ஓட்டலாம். நிற்கும்போதுகூட மோட்டார் 'ங்ங்' என்று முனகிக்கொண்டு சூடாகும். கோர்லெஸ் (நடுவில் இரும்பு இல்லாத) மோட்டார் என்றால் கருகிவிடும், வைக்கவே வைக்காதீர்கள்.

சிலர் பாதி லேஅவுட் அனலாக், பாதி டிசிசி என்று வைக்கிறார்கள். இடைவெளியைக் கடக்கும் ஒரு சக்கரம் இரண்டு மின்சாரத்தையும் சேர்த்துவிட்டால் ஏதாவது ஒரு பெட்டி போய்விடும். இரண்டும் வேண்டுமானால் முழு லேஅவுட்டையும் ஒரே நேரத்தில் மாற்றும், நடுவில் ஆஃப் உள்ள டிபிடிடி (இரண்டு வயரையும் சேர்த்து இரு பக்கமும் மாற்றும்) சுவிட்ச் ஒன்று போதும்.

என் கணக்கு இதுதான்: ஒன்றிரண்டு இன்ஜின்தான் சிப்போடு இருக்கிறது, கன்ட்ரோலர் சுத்த டிசி என்றால் அப்படியே ஓட்டுங்கள். ஒலி வேண்டாம் என்றால் டம்மி பிளக். சாக்கெட் உள்ள இன்ஜின்கள் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டால் மூன்றாவதை இனியும் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை.

டிசிசிக்கு மாறியவர்கள் சிவி29-ல், முன்பு சொன்ன டிசி பிட்டின் மதிப்பான 4-ஐக் கழித்துவிடுவது நல்லது. வழக்கமாக 6 இருக்கும், 2 ஆகும். இல்லாவிட்டால் பவர் ஆன் ஆகும்போது கட்டளையைத் தவறவிடும் இன்ஜின், வந்த முழு வோல்ட்டையும் டிசி என்று நினைத்து எகிறிப் பாயலாம். அப்படிக் கழித்த இன்ஜினை நண்பர் வீட்டு அனலாக் லேஅவுட்டில் வைத்தால் அசையாமல் நிற்கும். பழுது என்று நினைத்துத் திறந்துவிடாதீர்கள். ஆனால் அந்த 4-ஐத் திரும்பக் கூட்ட டிசிசி பெட்டி ஒன்று வேண்டும்.