3,500 ரூபாய்க்கு நாற்பது நிமிடம்: ஹட்டனில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம்

தம்பியின் மகள் பேராதனையில் உயிரியல் விஞ்ஞானத்தில் பொதுப் பட்டம் முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறாள். சென்ற மாதம் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "பெரியப்பா, நீங்கள் தோட்டத்தில் செய்த வேலையை இப்போது முதுமாணிப் பட்டமாகவே படிப்பிக்கிறார்களாம்" என்றாள். விளம்பரத்தில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே "பிசிஷியன் அசிஸ்டன்ட், துணை வைத்தியர் ஆகுங்கள்" என்று எழுதியிருந்தது. வைத்தியரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை செய்கிற வேலை அது. முப்பத்தொரு வருடம் தோட்டத்து டிஸ்பென்சரியில் உட்கார்ந்தவன் நான். அந்த ஒரு வரிக்காகவே மகளையும் கூட்டிக்கொண்டு மஸ்கெலியாவில் பஸ் ஏறினேன்.

நிலையம் ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கிறது. பெயர் வேண்டாம், யாரும் போய்ச் சண்டை பிடிப்பதற்காக இதை எழுதவில்லை. படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறவும். பத்து மணிக்கு வரச்சொல்லிவிட்டுப் பதினொன்றேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இடையில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வந்தது. நல்ல பிளேன்டீ, அதைக் குறை சொன்னால் பாவம். கட்டணம் 3,500 ரூபாய். பற்றுச்சீட்டைக் கேட்காமலே தந்தார்கள்.

ஆலோசகர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பிள்ளை. வார்த்தைக்கு வார்த்தை "சேர்" போட்டார். விசா, வங்கி மீதி, ஆங்கிலப் பரீட்சை இவையெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தன. அமெரிக்கா என்றால் செலவு தாங்காது, புலமைப்பரிசில் கதைகளை நம்பிக் காணியை விற்றுவிடாதீர்கள் என்று அவரே எச்சரித்தார். விற்பனைக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இப்படிச் சொல்வது பெரிய விஷயம். இதற்காகவே இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

பிறகு படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அங்கேதான் வண்டி சேற்றில் இறங்கியது.

"இது உலகத்துக்கே புதிய தொழில் சேர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று சொன்ன காலத்திலிருந்து இந்த மலைகளில் டிஸ்பென்சர்தான் டொக்டர் ஐயா. அமெரிக்காவிலும் இது நேற்று முளைத்ததல்ல. டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற வைத்தியர் 1965இல் தொடங்கியது. முதல் வகுப்பில் நான்கே பேர். நான்கு பேரும் கடற்படையில் காயத்துக்குக் கட்டுப்போட்டுப் பழகியவர்கள். நோயாளியைத் தொட்டுப் பழகிய கைகளுக்குப் பிறகு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதனால் ஒரே கேள்விதான் கேட்டேன்: இந்தப் பிள்ளை நோயாளியை எங்கே தொடுவாள், பக்கத்தில் நின்று பார்ப்பவர் யார்? ஆலோசகர் கையேட்டைப் புரட்டி ஒரு ஆய்வுகூடப் படத்தைக் காட்டினார். பொம்மைக்கு ஊசி போடும் படம்.

ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மாசி மாதம் மலையில் குளவி கலைந்து பதினான்கு பேரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பதின்மூன்று பேரும் குளறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் சத்தமில்லாமல், உதடு வீங்கிச் சுவரில் சாய்ந்திருந்தாள். முதலில் அவளிடம்தான் ஓட வேண்டும், தொடையில் அட்ரினலின் போட வேண்டும் என்பதைப் பயிற்சிக்காலத்தில் ஒரு பெரிய டொக்டர் என்னை வார்ட்டில் நிறுத்தி, ஏசி ஏசிப் பழக்கியிருந்தார். பொம்மை சத்தமில்லாமல் இருந்தால் அது பொம்மை. மனுஷி சத்தமில்லாமல் இருந்தால் வேறு.

வீட்டுக்கு வந்து இரண்டு இரவு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன். அமெரிக்கக் கற்கைநெறி பெரும்பாலும் 27 மாத அளவு. முதல் பாதி வகுப்பறை. மீதி குடும்ப மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், அவசரப் பிரிவு என்று மாறிமாறி ஏறத்தாழ 2,000 மணித்தியாலம் நோயாளிகளோடு. அதன் பிறகு 300 கேள்விகள் கொண்ட தேசியப் பரீட்சை. இது படிப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே நுழைவதற்கு முன்பே பல பல்கலைக்கழகங்கள் நோயாளி பராமரிப்பில் நூற்றுக்கணக்கான மணித்தியால அனுபவத்தைக் கேட்கின்றன. சில இடங்களில் வேலையில் இருக்கும் ஒரு பிசிஷியன் அசிஸ்டன்டோடு கூட நின்று பார்த்திருக்கவும் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் அப்படி ஒருவரை நான் எந்த மலையில் போய்த் தேடுவது? நாற்பது நிமிடத்தில் இந்தப் பேச்சே வரவில்லை.

பிரித்தானியாவுக்கான கையேடு இன்னும் மோசம். படிப்பில் பிழையில்லை: பட்டதாரிகளுக்கு இரண்டு வருடம், அதில் 1,600 மணித்தியாலம் மருத்துவப் பயிற்சி. அங்கே "பிசிஷியன் அசோசியேட்" என்று பெயர். 2024 டிசம்பரிலிருந்து வைத்தியர்களைப் பதிவு செய்யும் அதே பொது மருத்துவச் சபைதான் இவர்களையும் பதிவு செய்கிறது. இவ்வளவும் கையேட்டில் இருக்கிறது. 2025 ஜூலையில் பேராசிரியர் ஜிலியன் லெங் இந்தத் தொழிலை ஆராய்ந்து கொடுத்த அறிக்கை மட்டும் இல்லை. பெயரை மறுபடி "அசிஸ்டன்ட்" ஆக்குங்கள், தெளிவான நெறிமுறைகளுக்கு உட்பட்ட வேளைகள் தவிர, நோய் இன்னதென்று தெரியாத நோயாளிகளை இவர்கள் பார்க்கக் கூடாது என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சங்கம் 2021இல் "அசிஸ்டன்ட்" என்ற சொல்லை விட்டு "அசோசியேட்" பக்கம் போக முடிவு செய்தது. ஒருவர் ஏறிய படியில் மற்றவர் இறங்குகிறார். லட்சக்கணக்கில் கட்டப்போகிறவளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

மூன்றாவதாக இந்தியா. "பக்கத்தில் இருக்கிறது, நம் மொழி, நம் சாப்பாடு" என்றார் ஆலோசகர். உண்மைதான்; சென்னையில் 1992இலேயே தொடங்கிவிட்ட படிப்பு. ஆனால் அவர் நீட்டிய தாளில் இருந்தது உள்ளகப் பயிற்சியோடு நான்கு வருட இளமாணிப் பட்டம். ஒரு பட்டம் வாங்கியவளை மறுபடி முதலாம் வருடத்தில் உட்காரச் சொல்கிறார்கள் என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். நான் அதுவரை விடுதிக் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று நிலையத்தில் எழுந்திருக்கும்போது மகள் கேட்டாள்: "படித்துவிட்டுத் திரும்பி வந்தால் இங்கே வேலை இருக்கிறதா?" ஆலோசகர் யோசிக்காமல், "தனியார் வைத்தியசாலைகள் கொத்திக்கொண்டு போகும்" என்றார். இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று ஒரு பிரிவே இல்லை. பதிவு இல்லாதவர் இங்கே நாடி பிடித்து மருந்து எழுதினால் அதற்கு வேறு பெயர். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. காசு வாங்கி ஆலோசனை சொல்லும் இடத்தில் இதற்கு மன்னிப்புக் கிடையாது. கொடுத்த இரண்டு நட்சத்திரத்தில் ஒன்றை இங்கே திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கே நான் தடுத்தும் கேளாமல் மகள் பதிவுக்கட்டணம் என்று 10,000 ரூபாய் கட்டியிருந்தாள். மேலே சொன்ன மூன்று விஷயங்களையும் எழுதி, பதில் தாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். இரண்டாம் தவணை கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு இலக்கம் வந்தது. அதற்குப் பிறகு நான் நேரில் போனேன். மேலாளர் அம்மா கோபப்படாமல் கேட்டுவிட்டு 5,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். மீதிக்கு அடுத்த சனிக்கிழமை ஒரு மணிக்கு முன் வரச்சொல்லியிருக்கிறார். அந்தப் படிக்கட்டில் இன்னொரு தடவை ஏற வேண்டும்.