பழைய பாய்ப்படகுக்கு எது நல்லது: பித்தளையா பிளாஸ்டிக்கா, டீசலா மின்சாரமா

போன மாசியில் படகைக் கரையேற்றி வைத்திருந்தபோது, கழிவறைக் குழாய் போகும் வால்வைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். ஓங்கி அடிக்கவில்லை, கதவைத் தட்டுகிற அளவுதான். ரப்பர் குழாயைச் செருகும் வால் துண்டு பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் பித்தளையின் மஞ்சளே கிடையாது. செங்கல் தூளைப்போல இளஞ்சிவப்பாக, சொரசொரவென்று இருந்தது. வெளிப்பக்கம் மட்டும் பச்சை படிந்த சாதாரணப் பித்தளை. முந்தைய கோடை முழுக்க அந்தத் துண்டை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே உள்ள வைட் தீவைச் சுற்றி வந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து ஒரு சாமானை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்போது, விலை, எடை, ஆயுள் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பழுதாகப் போகிறேன் என்று இது எனக்கு முன்கூட்டியே சொல்லுமா? கீழே வரும் ஒப்பீடு எல்லாம் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

படகைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படகு மாறினால் பதிலும் மாறும். என்னுடையது 26 அடி வெஸ்டர்லி சென்டார். லோரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வடிவமைத்தது, 1969 முதல் 1980 வரை 2,400க்கும் மேல் கட்டினார்கள், உடல் கண்ணாடி நார். அடியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கீல், படகின் அடியிலிருந்து கீழே நீளும் கனத்த பாகம், ஊரில் ஏரா என்போமே அதுதான். அதனால் இங்கிலாந்தின் தென்கரையில், லாங்ஸ்டன் துறைமுகத்துச் சேற்றில், கடல் வற்றும் நேரம் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். வாங்கிய விலையைவிடப் புது எஞ்சின் ஒன்றின் விலை கூட என்கிற ரகப் படகு. ஆகவே "எல்லாவற்றையும் புதிதாகப் போடு" என்கிற யோசனை இங்கே எடுபடாது.

நீருக்குக் கீழே இருக்கும் வால்வுகள்

சீகொக் என்பார்கள். படகின் உடலைத் துளைத்துக் கடலுக்குள் போகும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்று. என் படகில் இருந்தவை சாதாரணப் பித்தளை, நூற்றுக்கு 40 பங்கு நாகம், அதாவது துத்தநாகம். உப்பு நீரில் அந்த நாகம் மட்டும் மெல்ல மெல்லக் கரைந்து போய்விடும், மிஞ்சுவது கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான செம்பு. அதுதான் அந்த இளஞ்சிவப்பு. உருவம் மாறாது, அளவு மாறாது, கைபிடி வழக்கம்போலத் திரும்பும், பலம் மட்டும் போயிருக்கும். இதைப் படகுக்கு விற்கலாமா என்று கேட்டால், ஐரோப்பியத் தரவிதியே இந்தப் பொருள்கள் 5 வருடம் அரிப்பைத் தாங்கினால் போதும் என்றுதான் சொன்னது. 5 வருடம்! மனிதர்கள் படகை 40 வருடம் வைத்திருக்கிறார்கள்.

மாற்றாக மூன்று வழி. முதலாவது வெண்கலம், செம்பும் தகரமும் கலந்தது, பழைய கப்பல்காரர் பாவித்தது. நாகம் மிகக் குறைவு என்பதால் பல பத்து வருடம் நிற்கும், சுரண்டிப் பார்த்தால் உள்ளேயும் அதே நிறம். ஆனால் விலை கூட, அதோடு வால்வு வெண்கலம் என்று வாங்கிவிட்டு வால் துண்டைப் பித்தளையில் போட்டுவிட்டால் வாங்கிய காசு வீண். நிறைய இடத்தில் இந்தப் பிழை நடக்கிறது, பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால்.

இரண்டாவது டீஸெட்ஆர். இதுவும் பித்தளைதான், ஆனால் நாகம் கரையாமல் இருக்க ஆர்சனிக் சிறிது சேர்த்தது. உடம்பில் சீஆர் (CR) அல்லது டீஸெட்ஆர் (DZR) என்று முத்திரை இருக்கும், முத்திரை இல்லாவிட்டால் வாங்காதீர்கள், கடைக்காரர் என்ன சொன்னாலும். விலைக்கும் தரத்துக்கும் நடுவில் நியாயமான தெரிவு இது.

மூன்றாவது, கண்ணாடி நார் கலந்த நைலோன். நியூசிலாந்தின் ட்ரூடிசைன் வகையைத்தான் இங்கே அதிகம் காணலாம். அரிப்பு என்கிற கதையே இல்லை, மின்னரிப்பும் இல்லை. குறைகளும் உண்டு: உலோக வால்வைவிடப் பருமன் கூட, அதனால் என் படகின் கழிவறைக்குள் ஒரு பலகையை வெட்டி எடுத்துத்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. நெருப்பு வந்தால் உருகும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான் செய்தது: எஞ்சின் அறைக்குள் இருக்கும் ஒன்றுக்கு டீஸெட்ஆர், மற்ற நான்குக்கும் நைலோன். "எல்லாம் ஒரே வகையாகப் போட்டால் வடிவாக இருக்குமே மச்சான்" என்று தொலைபேசியில் மச்சான் சொன்னான். வடிவுக்கு இருக்கும், ஆனால் டீசல் எரியக்கூடிய இடத்தில் பிளாஸ்டிக்கை நான் வைக்க மாட்டேன். எது போட்டாலும் ஒவ்வொரு வால்விலும் அதன் ஓட்டைக்கு அளவான கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். உடைந்தால் தேட நேரம் இருக்காது.

கீல் கசிவு: ஒட்டுவதா, பலப்படுத்துவதா

சென்டார் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த வியாதி இது. படகு ஒவ்வொரு முறை சேற்றில் குந்தும்போதும் இரண்டு கீலும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும், அந்த இடத்து உடல் வளையும், போல்ட் வழியாக நீர் துளிர்க்கும். மலிவு வழி, கீலை இறக்கி நல்ல பொலியூரிதேன் பசை போட்டு மறுபடி பூட்டுவது. கசிவு நிற்கும், ஆனால் வளைவு நிற்காது. மற்ற வழி, உள்ளே தரையைக் கழற்றி, கீல் போல்ட்டுகளுக்குக் குறுக்கே சட்டங்கள் வைத்துக் கண்ணாடி நாரால் உடலோடு பிணைப்பது. இரண்டு கிழமை வேலை, மூக்கும் கண்ணும் எரியும், தோல் அரிக்கும். இருந்தாலும் இதைச் செய்யாமல் புதுப் பாய்க்கும் வழிகாட்டும் திரைக்கருவிக்கும் காசு கொடுப்பவரைக் கண்டால் எனக்கு மனம் கேட்பதில்லை. முதலில் இது, அப்புறம் மற்றதெல்லாம்.

பாய்மரத்தைத் தாங்குவது: கம்பியா டைனீமாவா

19 இழை ஸ்டெயின்லெஸ் கம்பி ஒரு பக்கம், டைனீமா என்னும் செயற்கை நார்க் கயிறு மறுபக்கம். டைனீமாவின் எடை அதே பருமனான கம்பியில் ஏழில் ஒரு பங்கு போல, பலம் கம்பியைவிடக் கூட, நீரில் மிதக்கும், முனையை நீங்களே கையால் பின்னிக்கொள்ளலாம். வெயிலாலும் உராய்வாலும் தேய்ந்தால் மேலே பஞ்சுபோல மயிர் எழும்பும், கண்ணுக்குத் தெரியும். என் கேள்விக்கு நல்ல பதில் அது. ஆனால் இன்னொரு குணம் இருக்கிறது: நிரந்தர இழுவையில் வைத்தால் காலப்போக்கில் மெல்ல நீளும். அதோடு அலுமினியப் பாய்மரம் குளிரில் சுருங்கும், டைனீமாவோ குளிரில் நீளும். கார்த்திகை மாதக் காலையில் தொட்டுப் பார்த்தால் இழுவை தளர்ந்து போயிருக்கும்.

கம்பியின் சிக்கல் வேறு இடத்தில். நடுப்பகுதியில் இழை அறுந்தால் துடைக்கும் துணியில் சிக்கும், தெரிந்துவிடும். முனையில், அழுத்திப் பூட்டிய குழலுக்குள்ளேதான் உப்பு நீர் தேங்கி, வெளியே தெரியாமல் வெடிப்பு வரும். இங்கே பல காப்புறுதி நிறுவனங்கள் 10 வருடத்தில் மாற்றச் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஆகவே நான் கம்பியிலேயே நின்றுகொண்டேன், ஆனால் முனைக்கு ஸ்டாலொக் வகை: திருகிக் கழற்றி, உள்ளே கூம்பையும் இழைகளையும் பார்த்து, மறுபடி பூட்டலாம். விலை கூடத்தான், என்றாலும் அடுத்த முறை கம்பியையும் உள்ளே இருக்கும் கூம்பையும் மாற்றினால் போதும், முனையின் மற்றப் பாகம் அப்படியே இருக்கும். டைனீமாவை ஓரத்துக் கைபிடி வேலிக்குப் போட்டேன், அங்கே அது அருமை.

டீசலா மின்சாரமா

இதைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். என் எஞ்சின் வோல்வோ எம்டி11சி, 23 குதிரைவலு, கடல் நீரையே நேராக உள்ளே இழுத்துக் குளிரும் பழைய இரும்பு. புகை அடிக்கும், அதிரும், ஒவ்வொரு வசந்தத்திலும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சில்லை மாற்ற வேண்டும். மின்மோட்டாரோ சத்தம் கிடையாது, மணம் கிடையாது, எண்ணெய் மாற்றத் தேவையில்லை. ஆசை எனக்கும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். 1 லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. பழைய எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் தண்டுக்குக் கொடுக்கும் என்று வைத்தாலும் இரண்டரை. அப்படியானால் 10 கிலோவாட் மணி லித்தியம் பற்றரித் தொகுதி என்பது 4 லீற்றர் டீசல். ஒரு 20 லீற்றர் கான், அப்படியான ஐந்து தொகுதிக்குச் சமம். என் 3 தொன் படகை அமைதியான நீரில் 4 நொட்டில் (நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) தள்ள 2 முதல் 3 கிலோவாட் வேண்டும், ஆக 10 கிலோவாட் மணியில் மூன்று முதல் ஐந்து மணித்தியாலம். குளத்திலோ ஆற்றிலோ ஓடுபவருக்கு, அல்லது கட்டும் இடத்திலிருந்து வெளியே வந்து உடனே பாய் விரிப்பவருக்கு, அது தாராளமாகப் போதும், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரத்துக்குப் போகலாம். ஆனால் வைட் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான சோலன்ட் நீரிணையின் மேற்கு வாயில், ஹேர்ஸ்ட் ஒடுக்கத்தில், பெருக்கு நாட்களில் நீரோட்டமே 4 நொட்டுக்கு மேல் ஓடும். காற்று விழுந்து, நீர் எதிரே திரும்பி, இருட்டும் வருகிறபோது மூன்று மணித்தியாலச் சக்தி என்பது எனக்குப் பயமான எண்.

இன்னொன்று, டீசல் எஞ்சின் முறைப்பாடு சொல்லும். புகை கறுத்தால் ஒன்று, வெள்ளையானால் ஒன்று, பின்னால் துப்பும் நீர் குறைந்தால் இன்னொன்று. பற்றரி செத்துப்போன ஒரு காலையில் அழுத்தம் விடும் நெம்பைத் தூக்கிவிட்டு, கைபிடி போட்டுச் சுற்றிக் கிளப்பியிருக்கிறேன், தோள் இரண்டு நாள் வலித்தது, ஆனால் வீடு வந்தோம். மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்ன பாகம் போனால் நடுக்கடலில் என்னால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே இப்போதைக்குப் பழைய இரும்பைத் திருத்தித் திருத்தி ஓட்டுகிறேன். அதன் தலைப்பகுதி உப்பில் அரித்துப் போகும் நாள் வரும், அப்போது நன்னீர்க் குளிர்ச்சி உள்ள புது டீசல் சிறியதாக ஒன்று.

பற்றரி

உள்ளே வெளிச்சத்துக்கும் கருவிகளுக்கும் ஈய அமிலமா லித்தியமா என்றால், படகிலேயே வாழ்பவருக்கு லித்தியம், வார இறுதிக்காரருக்கு ஈயம். ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், எடை இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி என்று மானியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். லித்தியம் கடைசிவரை ஒரே வோல்ட்டில் நின்றுவிட்டுத் திடீரென்று தன் பாதுகாப்பு அமைப்பால் அறுந்துவிடும். எஞ்சின் ஓடும்போது அப்படி அறுந்தால், எஞ்சினில் மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டரின் டயோடும் சேர்ந்து போகலாம், அதனால் நடுவில் டீசியிலிருந்து டீசிக்கு மாற்றும் சார்ஜர் ஒன்று கட்டாயம். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றவும் கூடாது. இரண்டுக்கும் முன்னால் எல்லா விளக்கையும் எல்ஈடி ஆக்குங்கள், பல பேருக்கு அதற்குப் பிறகு புதுப் பற்றரியே தேவைப்படாது.

அடிப்பூச்சு

ஊரில், வல்வெட்டித்துறையில், வள்ளத்தைக் கரையேற்றி மீனெண்ணெய் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே கொட்டலசும் பாசியும் ஒட்டாமல் இருக்கச் செம்புதான் மருந்து. முன்பு தகரச் சேர்மம் ஒன்று இருந்தது, சிப்பிகளை உருக்குலைத்ததால் பிரித்தானியா 1987இல் சிறு படகுகளுக்கு அதைத் தடைசெய்தது, நல்ல காரியம். இப்போது போட்டி, வருடாவருடம் பூசும் கரையும் பூச்சுக்கும், செம்புத்தூள் கலந்த எப்பொக்சியான கொப்பர்கோட்டுக்கும் இடையில். பின்னது ஒருமுறை பூசினால் 10 வருடமும் அதற்கு மேலும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆனால் பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும், உடல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பூசும் நாள் மழையும் குளிரும் இருக்கக் கூடாது. கூரையுள்ள இடம் கிடைத்தால் செய்யுங்கள். (அலுமினியப் படகில் செம்புப் பூச்சு எதுவும் வேண்டாம், உடலையே தின்றுவிடும்.)

எனக்குக் கூரை கிடையாது, அதனால் கரையும் பூச்சு. முதல் படை சிவப்பு, அதன்மேல் இரண்டு படை நீலம். எங்கே சிவப்பு எட்டிப் பார்க்கிறதோ அங்கே பூச்சு முடிகிறது என்று அர்த்தம். படகின் முன்முனையான அணியத்திலும் சுக்கானின் முன்விளிம்பிலும்தான் முதலில் தெரியும், அடுத்த வருடம் அங்கே மட்டும் ஒரு படை கூடப் போட்டால் போதும்.

பாய்

நெய்த பொலியெஸ்டர் துணியான டக்ரோனா, படலம் ஒட்டிய லாமினேட்டா என்பதில் எனக்கு யோசனையே இல்லை. லாமினேட் உருவம் மாறாமல் நிற்கும், போட்டிக்காரருக்கு அது முக்கியம். ஆனால் படலம் பிரியத் தொடங்கினால் கையால் தைத்து மீட்க முடியாது. டக்ரோனில் துணிக்கு முன்னால் நூல்தான் வெயிலில் செத்துப்போகும். தையல் ஓரத்தை நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள், நூல் பொடிந்து வந்தால் அந்தத் தையல் முழுக்கத் திரும்பத் தைக்க வேண்டும். என் பெரிய பாயின் பின்னோரத்தில் மேலிருந்து மூன்றாவது தையல் அப்படித்தான் வந்தது. இப்போது அது வீட்டு இருக்கை அறையில் விரிந்து கிடக்கிறது, உள்ளங்கைத் தோலுறையும் மெழுகு பூசிய நூலுமாக, ஒரு மாலைக்கு மூன்றடி போகிறது.