பாண்டி பழைய வீட்டுக்கு ஜன்னல்: ரிப்பேரா, புது தேக்கா, யுபிவிசியா?

தாத்தா வீட்டு தெருப்பக்க ஜன்னல் நாலும் அடியில உளுத்துப்போச்சு, 2024 ஆரம்பத்துல மூணு வழியையும் விசாரிச்சேன். உங்க வீடு ஹெரிட்டேஜ் லிஸ்ட்ல இருந்தா தெருப்பக்கம் கை வைக்கிறதுக்கு முன்னாடியே அனுமதி கேட்டுடுங்க.

யுபிவிசி, அதாவது கெட்டி பிளாஸ்டிக் ஃப்ரேம் போட்ட ஜன்னல், தேக்கை விட விலை கம்மி, கரையான் அரிக்காது, ஏசி குளிர் வெளிய போகாது, எல்லாம் உண்மைதான். ஆனா ஸ்லைடிங் போட்டா பாதிதான் திறக்கும், மூடிட்டா காத்தே கிடையாது. நம்ம பழைய ஜன்னல் கதவுல லூவர்னு சொல்ற மரப்பட்டை வரிசையா சாய்வா இருக்கு, மூடி வச்சாலும் சாரல் வெளிய நின்னுடும் காத்து உள்ள வரும், மே மாசம் மதியம் கரெண்ட் போனா அதோட அருமை புரியும். அதுவுமில்லாம யுபிவிசி மூலையெல்லாம் வெல்டிங், ஒரு மூலை விட்டுச்சுன்னா ஆசாரியால ஒண்ணும் பண்ண முடியாது, அந்த ஃப்ரேமையே மாத்தணும். 2008ல யுனெஸ்கோ விருது வாங்கின வைசியாள் வீதியில ஒரு தடவை நடந்து பாருங்க, அந்த வரிசையில ஒரு வெள்ளை ஸ்லைடிங் வந்தா தெருவே கெட்டுப்போகும்.

ஏசியும் சத்தமும்தான் பிரச்சனைன்னா பழைய கதவை தொடவே வேண்டாம், சுவர்தான் தடியா இருக்கே, உள்பக்கமா ஒரு கண்ணாடி கதவு போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல 10 சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தா ஹாரன் சத்தம் நல்லாவே குறையும்.

புது தேக்கு, மரம் மொத்தமா போயிருந்தா மட்டும். இப்ப வர்ற தோட்டத்து தேக்கு சீக்கிரம் வளர்ந்தது, பழைய பர்மா தேக்கு மாதிரி ரேகை நெருக்கமா இருக்காது. பழைய வீடு இடிச்ச மரம் கிடைச்சா அதையே வாங்குங்க, பட்டை எண்ணிக்கை, கீல் இடம் எல்லாம் பழசு மாதிரியே செய்யச் சொல்லுங்க.

நான் செஞ்சது ரிப்பேர். ஆசாரி ஸ்க்ரூ டிரைவரால குத்திக் குத்திப் பார்த்தார், "மேல மரம் இரும்பு மாதிரி இருக்கு தம்பி, இதை ஏன் தூக்கிப் போடணும்"னார். போனது அடிச்சட்டமும் கடைசி ரெண்டு பட்டையும்தான், மழைத்தண்ணி அங்கதான் தேங்கும். உளுத்ததை வெட்டிட்டு பழைய தேக்குத் துண்டை ஒட்டு வச்சார், பெயின்ட் அடுக்கடுக்கா உரிஞ்சு வந்ததும் உள்ள மரம் தேன் கலர்ல எண்ணெய் வாசனையோட இருந்துச்சு, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. முன்னாடி யாரோ அடிச்ச இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிச்சு மரத்தை பிளந்திருந்தது, கடல் பக்கத்துல பித்தளை இல்லன்னா 316ங்கிற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் போடுங்க.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சே, ஒட்டு ஒண்ணுகூட விடல, ஒரு ஜன்னல் அடியில மட்டும் தண்ணி கசிஞ்சது, அடுத்த வாரம் ஆசாரி வந்து சட்டத்துக்கு அடியில தண்ணி வடியுறதுக்கு சின்னதா ஒரு காடி எடுத்துவிட்டார்.